யாவ் அடுசேயின் பெயரில் எடுத்த படம்

அன்று காலை ஸ்கேன் பிரிவில் இருந்தவர்கள் நான்கு பேர். எங்கள் குடும்பத்தின் மூத்த ஆண் க்வாமே போவாஹென். அவருடைய அக்கா செர்வா. செர்வாவின் மகன் ஓபோகு. இயந்திரத்தை இயக்கும் பெண் டெடே. பேச்சு பலவிதமாகப் பரவியிருப்பதால் இதை முதலிலேயே சொல்ல வேண்டியிருக்கிறது. ஐந்தாவதாக யாரையும் நாங்கள் அழைத்துப் போகவில்லை.

ஆனால் டெடே இரண்டு அங்கிகளைக் கொண்டுவந்து நாற்காலியில் வைத்தாள்.

"ஒண்ணு போதும்மா," என்றார் போவாஹென்.

"ரெண்டு பேருக்கு எடுக்கணும்னு நினைச்சேன் ஐயா. உங்க பின்னாலயே ஒருத்தர் வந்தாரே?" அவள் வாசலை எட்டிப் பார்த்தாள். பாலைவனத்திலிருந்து வீசும் ஹார்மட்டான் காற்று கொண்டுவந்து போட்ட புழுதிதான் படியில் கிடந்தது. "சரி, போயிட்டார் போல."

போவாஹெனுக்கு எரிச்சல் மூண்டது. குமாசி நகரில் உள்ள இந்த மருத்துவமனைக்கு ஒரே மாதத்தில் இது மூன்றாவது நடை. முதல் தடவை பாதியில் மின்சாரம் போயிற்று. இரண்டாம் தடவை ஒரு மணி நேரம் படுக்கப் போட்டுவிட்டு, படம் கலங்கியிருக்கிறது, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவர் வயிற்றிலுள்ள பெரிய இரத்தக்குழாய் பலூன்போல வீங்கி, வெடிக்கும் நிலைக்கு வந்திருந்தது. தலைநகர் அக்ராவில் தொடை வழியாகக் கம்பிவலை பின்னிய குழாய் ஒன்றை உள்ளே செலுத்தி, இரத்தம் அதன் வழியாகவே ஓடும்படி செய்தார்கள். அந்தக் குழாய்க்கு வெளியே மிஞ்சிய வீக்கம் தானாகச் சுருங்க வேண்டும். சுருங்குகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். மற்ற ஸ்கேனுக்குப் போடும் சாயத்தை அவருடைய சிறுநீரகம் தாங்காது என்பதால் எம்.ஆர்.ஐ. ஒன்றுதான் வழி. ஆறு மாதத்துக்கு முன் எடுத்த படத்தில் வீக்கம் சுருங்கவில்லை, கொஞ்சம் கூடியிருந்தது. எங்கோ கசிகிறது என்றார் மருத்துவர். கசிவு உறுதியானால் வயிற்றைக் கிழித்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

கிழித்த உடம்புடன் எங்கள் ஊர்த் தலைமை இருக்கையில் உட்கார முடியாது. வடுப்பட்டவரைப் பெரியவர்கள் ஏற்க மாட்டார்கள். அவர்கள் கூடி அடுத்த தலைவரின் பெயரைச் சொல்லும் நாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

அதனால்தான் ஆரம்பத்திலிருந்தே நோயை மறைத்தோம். அக்ராவில் பெயர் கேட்டபோது, முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன தம்பியின் பெயரை போவாஹென் கொடுத்தார். யாவ் அடுசே. அன்றிலிருந்து எல்லாத் தாளிலும் அதே பெயர். இந்த உடம்பைப் பற்றி எழுதப்பட்டதெல்லாம் யாவைப் பற்றி எழுதப்பட்டது.

செர்வா கைப்பையைக் கொஞ்சம் திறந்து ஸ்நாப்ஸ் புட்டியின் கழுத்தைக் காட்டினாள்.

"இன்னைக்காவது நான் சொல்றதைக் கேளு தம்பி. ரெண்டு வருஷமா இவங்க அவனைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. செத்தவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா அவன் தொண்டையை நனைக்கணும். அந்தப் படியில நாலு சொட்டு ஊத்திட்டு வந்துடறேன்."

"ஆஸ்பத்திரி படியில சாராயமா? நம்ம குடும்பமா? மூடு அக்கா பையை."

"எவ்வளவு நாளைக்குத்தான் அவன் சும்மா வந்துட்டு சும்மா போவான்?"

"மூடுன்னேன்."

ஓபோகு சிரித்தான். "மாமா, பெரியவங்க யாராவது பாசமா உங்க வயித்தைத் தட்டிட்டா? உள்ள கம்பி சத்தம் கேட்டுடப் போகுது."

"உனக்கு அந்த இருக்கை மேல கண்ணு. அக்கா மகனுக்குத்தான் உரிமைன்னாலும், என் காலத்துக்கு அப்புறம்தான்டா நீ. அதுவரைக்கும் வாயைப் பொத்திக்கிட்டு உக்காரு."

"யாவ் அடுசே!" உள்ளேயிருந்து டெடே கூப்பிட்டாள்.

போவாஹென் வாயைத் திறப்பதற்குள், "வந்துட்டேன்," என்றது ஒரு குரல். அவர் ஓபோகுவை முறைத்தார். ஓபோகு தலையைக் குனிந்து செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாய் நிறைய வேர்க்கடலை.

மோதிரங்களையும் கைக்கடிகாரத்தையும் அக்காவிடம் கொடுத்துவிட்டு, முதுகுப்புறம் திறந்த அந்த அவமானமான அங்கியோடு அவர் பலகையில் படுத்தார். டெடே வயிற்றின் மேல் கனமான தகடு ஒன்றை வைத்து வாரால் கட்டினாள், காதுகளில் ஒலிப்பானை மாட்டினாள், கையில் ரப்பர் பந்து ஒன்றைத் திணித்தாள்.

"ஏதாவதுன்னா இதை அழுத்துங்க ஐயா. உடனே வந்துடுவேன். போன தடவை மாதிரி மூச்சு விட்டுப் படத்தைக் கெடுத்துடாதீங்க."

"நான் கெடுக்கலை. உன் மெஷின் கெடுத்துச்சு."

"ஆமாமா, மெஷினுக்குத்தான் மூச்சு வாங்குது," என்று சொல்லிக்கொண்டே கதவைச் சாத்தினாள்.

பலகை குழாய்க்குள் நகர்ந்தது. மூக்குக்கு ஒரு சாண் மேலே வெள்ளைக் கூரை. குளிரூட்டியின் ஈரக் காற்றும், மருந்து துடைத்த பிளாஸ்டிக் வாடையும், எங்கோ அடியில் ஓயாமல் கிறீச்சிடும் பம்பின் சத்தமும் சேர்ந்து வர, அவர் கண்ணை மூடி, பன்னிரண்டு நாள் கழித்து ஊர் நடுவில் பெரிய குடையின் கீழ் தாம் உட்காரப்போகும் கோலத்தை நினைத்துக்கொண்டு, தம் அலுப்பை அடக்கிக்கொண்டு கிடந்தார். பிறகு இடிப்பு தொடங்கியது. தகரக் கூரையில் யாரோ கட்டையால் அடிப்பதுபோல.

"மூச்சை இழுங்க," என்றாள் டெடே காதுக்குள். "விடுங்க. இழுங்க. நிறுத்துங்க."

நிறுத்தினார். இருபது எண்ணினார்.

"ஐயா, மூச்சு விட்டுட்டீங்க. படத்துல அலையலையா தெரியுது. திரும்ப எடுக்கணும்."

"நான் விடலைம்மா."

"சரி, இன்னொரு தடவை."

இன்னொரு தடவை. அதற்குமேல் இன்னொரு தடவை. ஒவ்வொரு முறையும் நெஞ்சு வெடிக்கும்வரை அடக்கினார். ஒவ்வொரு முறையும் அவள் அதையே சொன்னாள். ஏழாவது முறை அவள் குரலில் மரியாதை மெலிந்திருந்தது.

"ஐயா, எனக்கு வெளியில இன்னும் ஆறு பேர் காத்திருக்காங்க. நிறுத்துங்கன்னா நிறுத்துங்க."

"கல்லு மாதிரிதான் கிடக்கிறேன்! உன் கண்ணைச் சரி பண்ணு முதல்ல!"

இடிப்பு நின்றது. அவர் மூச்சைப் பிடித்தபடியே கிடந்தார், தம்மீது தவறில்லை என்று தமக்கே நிரூபிப்பதற்காக. அப்போதுதான் கேட்டது. நிதானமான, வறண்ட மூச்சு. இழுத்தது. விட்டது. ஒலிப்பானுக்குள் அல்ல. ஒலிப்பானுக்கும் காதுக்கும் நடுவில்.

வயிற்றுத் தகடு மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது.

அவர் பந்தை அழுத்தினார்.

"சொல்லுங்க ஐயா?" என்றாள் டெடே.

"ஒண்ணுமில்லைம்மா," என்றது அவருடைய வாய். "தொண்டை காயுது. நீ எடு."

அவர் அதைச் சொல்லவில்லை. நாக்கு அசைந்ததை மட்டும் உணர்ந்தார், தூங்குபவன் தன் கையை யாரோ நகர்த்துவதை உணர்வதுபோல.

"இப்ப குரலே நல்லா இருக்கே," என்று அவள் சிரித்தாள். "முதல்ல ரொம்பக் கோவமா இருந்தீங்க."

"அவன் அப்படித்தான். எப்பவும் உர்ருன்னு இருப்பான்."

"யாரு?"

"எங்க அண்ணன்."

போவாஹென் கத்தினார். சத்தம் வரவில்லை. பந்தை அழுத்தினார். விரல்கள் மடங்கின. பந்து மடங்கவில்லை.

"யாவ் அடுசே, தயாரா?"

"தயார்."

"மூச்சை இழுங்க. விடுங்க. இழுங்க. நிறுத்துங்க."

முழு அமைதி. இருபது. முப்பது. மூச்சில்லாமல் இருக்க நன்றாகப் பழகிய ஒருவனின் அமைதி.

"அப்பாடா! இதுதான் ஐயா படம். கண்ணாடி மாதிரி இருக்கு." அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "டாக்டர்தான் முடிவு சொல்லணும். ஆனா எனக்குக் கசிவு எதுவும் தெரியலை. வீக்கமும் பழைய படத்துல இருந்ததைவிடச் சின்னதா இருக்கு. சந்தோஷமா வீட்டுக்குப் போங்க."

பலகை வெளியே நகர்ந்தது.

அவர் நகரவில்லை.

முதலில் பாதங்கள் போயின. அவருடைய பாதங்கள். பிறகு முழங்கால், வார் கட்டிய வயிறு, மார்பு. கடைசியாக நரைத்த தலையின் உச்சி. குழாயின் வட்டமான வாயில் வெளிச்சம் நிறைந்தது. டெடே வார்களை அவிழ்த்தாள். நரைத்த தலைக்காரர் எழுந்து உட்கார்ந்து, கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

கதவருகில் செர்வா நின்றாள். அக்கா. அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு அவர் தோளுக்கு மேலாக, குழாய்க்குள், நேராக.

அக்கா, இங்கே. இங்கே பார்.

"உன் பங்கு சாராயம் பையில இருக்கு," என்றாள் செர்வா. கையை நீட்டினாள். "வா யாவ்."

டெடே விளக்கை அணைத்தாள். கதவு சாத்திக்கொண்டது.

பன்னிரண்டாம் நாள் எங்கள் குடும்பத்தவர் தலைமை இருக்கையில் அமர்ந்தார். உடம்பில் ஒரு வடுவும் இல்லை, பெரியவர்களே பார்த்தார்கள். இருந்தும், க்வாமே போவாஹென் அந்த இயந்திரத்துக்குள்ளேயே செத்துப்போனார் என்று கெஜேட்டியா சந்தையில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். அவர் சாகவில்லை.