பத்துக்கு ஒன்பது

பேட்டரியைக் கழற்றி, எந்த அலையும் நுழையாத தகரப் பெட்டியில் மூன்று நாள் பூட்டி வைத்திருந்த கைப்பேசி, மதியம் எடுத்தபோது சூடாக இருந்தது. சுடும் சூடு இல்லை. யாரோ வெகுநேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்துவிட்டு இப்போதுதான் கொடுத்த மாதிரி ஒரு வெதுவெதுப்பு. கண்ணாடி பிசுபிசுத்தது. துடைத்த துணியை அவள் முகர்ந்து பார்த்திருக்கக் கூடாது. பல் தேய்க்காத வாயின் நாற்றம் அடித்தது.

பத்திரிகை அலுவலகத்தில் அவளுக்கு முட்டை மேடம் என்று பெயர். சோதனைக்கு வருகிற கைப்பேசிகளுக்கு ஈவிரக்கமில்லாமல் முட்டை போடுகிறவள். இந்த ஒன்றுக்குத்தான் போன வருஷம் பத்துக்கு ஒன்பது போட்டாள். உளவு பார்க்காத கைப்பேசி, மைக்கை அடைக்கத் தனிப் பொத்தான், கூடவே, தகவலை மூடிய குழாய் மாதிரி மறைத்துக் கொண்டுபோகும் அதே கம்பெனியின் விபிஎன். அந்த மார்க்கை நம்பித்தான் தங்கையும் இதையே வாங்கினாள். அடித்து நொறுக்கிய புருஷனிடமிருந்து தப்பி வந்தவள் அவள். இருக்கும் வீடு அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அக்கா குரலைக் கேட்காமல் கதவைத் திறக்க மாட்டாள்.

"துடைக்கத் துடைக்க ஈரம் வருதுங்க" என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். சிரித்துக்கொண்டேதான் மறுசோதனைக்கு எடுத்தாள். இன்று விடுமுறை. அறையில் அவளும் ஏசியின் இரைச்சலும்தான்.

பழைய அறிக்கையைப் புரட்டினாள். தகவல் எல்லாம் விபிஎன் வழியாகவே போகிறது, நடுவழியில் யாராலும் படிக்க முடியாது என்று எழுதியிருந்தாள். பொய் இல்லை. குழாய் எங்கேயாவது ஒழுகுகிறதா என்று விழுந்து விழுந்து பார்த்தவள், அதன் அந்த முனையில் யார் வாயை வைத்துக் காத்திருக்கிறார்கள் என்று பார்க்கவே இல்லை. 'நாங்கள் எதையும் சேமிப்பதில்லை' என்று கம்பெனிக்காரர்கள் சொன்னதை அப்படியே வாங்கிப் போட்டுவிட்டாள். அது போதாதென்று, மைக் சோதனைக்காக அரை நாள் அதன் முன்னால் உட்கார்ந்து கோபமாக, கொஞ்சலாக, கிசுகிசுப்பாகப் பேசியும் காட்டியிருந்தாள். தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

கைப்பேசிக்குள்ளிருந்து சன்னமாக ஏதோ கேட்டது. பேட்டரி மேசைமேல்தான் கிடந்தது. மைக் பொத்தான் அடைத்தபடியே இருந்தது. ஹெட்போனைச் செருகி மாட்டினாள்.

முதலில் மூச்சு. பிறகு எச்சில் ஊற ஊற எதையோ சப்பிச் சப்பி மெல்லும் சத்தம், காதுமடலில் உதடு உரசுவது போல அவ்வளவு பக்கத்தில். அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒரு குழாயில் தண்ணீர் கொட்டியது, பாத்திரம் உருண்டது, யாரோ முணுமுணுப்பாகப் பாடினார்கள்.

தங்கை.

தங்கையின் சமையலறை.

கதவு தட்டும் சத்தம். பாட்டு நின்றது.

"யாரு?"

மெல்லுவது நின்றது. எதையோ விழுங்கியது. பிறகு பேசியது.

"நான்தான்டி. கதவத் திற."

அவளுடைய குரல். அச்சு அசல் அவளுடைய குரல்.

"திறக்காத!" என்று கத்தினாள். யாருக்குக் கேட்கும்? தன் சொந்தக் கைப்பேசியைப் பிடுங்கித் தங்கையை அழைத்தாள். விரல் வழுக்கியது. இரண்டாம் தடவைதான் போனது. ஹெட்போனுக்குள் மணி அடித்தது.

"அக்கா? நீயேதான் போனும் அடிக்கிறியா?"

"ஆமாடி, நீ தூங்குறியோன்னு அடிச்சேன். எடுக்காத. வாசல்லதான் நிக்கறேன்" என்றது வாசலில் இருந்த அவளுடைய குரல்.

தங்கை சிரித்தாள். எத்தனை மாசம் கழித்துச் சிரிக்கிறாள்! அழைப்பு துண்டிக்கப்பட்டது.

மறுபடி அழைத்தாள். மறுபடியும் தங்கை துண்டித்தாள்.

"இரு, இரு. வந்துட்டேன்."

செருப்புச் சத்தம். மேல் தாழ்ப்பாள். கீழ்த் தாழ்ப்பாள். சங்கிலி.

கதவு திறந்தது.

தங்கையின் செருப்பு ஓரடி பின்னால் தேய்ந்தது.

சொதசொதவென்று ஈரக்கால் ஒன்று தரையில் பதிந்தது. பின்னாலேயே இன்னொன்று. கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. முட்டை மேடத்தின் குரல், கொஞ்சலாக, உள்ளிருந்து ஒவ்வொரு தாழ்ப்பாளாகப் போட்டுக்கொண்டே சொன்னது: "பயப்படாதடி. இங்க நம்மள யாராலயும் பாக்க முடியாது."