படிப்பறையில் இருபது இருக்கை

நூலகத்தின் இணையப் பக்கத்தில் ‘நூலகரிடம் கேளுங்கள்’ என்று ஓர் அரட்டைப் பெட்டி வைத்து நாலு மாதமாகியும் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்த்ததில்லை. இன்று சாயங்காலம் ஐந்தரைக்கு அது டிங் என்றது.

‘சார், சீட் கீதா?’

நூலகர் ஜெஸ்வின் உதட்டைச் சுழித்தார். இந்தத் தண்டையார்பேட்டைக் கிளைக்கு வருகிறவர்களை அவர் மனிதரில் சேர்த்ததே இல்லை. ஃபேன் காற்றுக்கு வருகிற கூட்டம், ராசிபலனைக் கிழித்துக்கொண்டு போகிற கூட்டம். இதுகளுக்கு இணையத்தில் இருக்கை முன்பதிவு ஒரு கேடு. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

ஆனால் மேலிடம் விடவில்லை. மாதக் கடைசிக்குள் இருநூறு இணைய உறுப்பினர் சேராவிட்டால் கிளைக்குப் பூட்டு, அவருக்கு வெளியூர் மாற்றல். தாயில்லாத மகள் வினிதாவைப் பத்தாவது படிக்கும்போது விட்டுப் போக முடியுமா? அவர் மதித்த ஒரே உயிர் அவள்தான். இன்றுகூடக் காய்ச்சலோடு வீட்டில் படுத்திருக்கிறாள்.

அதனால் செத்தவர்களைச் சேர்த்தார். உறுப்பினர் காலமானால் வீட்டார் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். பிஸ்கட் டின்னில் கிடந்த அந்த அட்டைகளை எல்லாம் பதிந்தும் ஒன்று குறைந்தது. அதற்கு மகள் பெயரைப் போட்டார்.

சீட் கேட்டவன் பெயரை இப்போதுதான் பார்த்தார். ஜெயவேல். டின்னில் மேலாக இருந்த அட்டை.

“பூவம்மா, படிப்பறையில யாராவது இருக்காங்களா?”

பெருக்கிக்கொண்டிருந்தவள் துடைப்பத்தைச் சாத்தினாள். “ஒருத்தரும் இல்ல சார். நாற்காலிய மட்டும் யாரோ இஸ்த்து இஸ்த்து வுடுறாங்க. தள்ளி வெச்சு பேஜாராயிட்டேன். நான் வூட்டுக்குப் போறேன்.”

அவள் போய்விட்டாள். வெளியே துறைமுகத்துக்கு வரிசை கட்டி நின்ற கன்டெய்னர் லாரிகளின் உறுமலில் சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்துகொண்டிருக்க, அதற்கும் அடியில், படிப்பறைக்குள்ளிருந்து, தரையில் நாற்காலிக் கால் இழுபடும் சத்தமும், எச்சில் தொட்டுத் தாளைப் புரட்டும் சத்தமும், பழைய காகித வாடையோடு கலந்து வாடிய ரோஜா மாலை வாசனையும் வந்தன.

திரையில் இருக்கைப் படம். ஒரு நாற்காலி இழுபட்டது, ஒரு பச்சைக் கட்டம் சிவப்பானது. தேவகிருபை. இன்னொன்று. டெரிக். உயிரோடிருந்தபோதே படித்துக் கிழிக்காத ஜென்மங்கள் என்று நினைத்தார்.

பதினெட்டு. பத்தொன்பது.

இருபது. வினிதா. ‘வந்துவிட்டார்.’

போன் போட்டார். மணி அடித்தது. எடுத்தாள்.

“வினிதா, எங்கம்மா இருக்க?” கத்திவிட்டார்.

“மெதுவா பேசு நைனா.” அவள் குரல்தான். வீட்டில் அந்தப் பாஷையை அவர் ஒரு நாளும் பேச விட்டதில்லை. “எல்லாரும் படிச்சிகினு கீறாங்க.”

குரல் போனிலும் கேட்டது. படிப்பறையிலும் கேட்டது.

கதவைத் தள்ளினார். ஆளில்லை. மேசை நெடுகத் தாள்கள் புரண்டுகொண்டிருந்தன. சட்டென்று எல்லாம் நின்றன. கடைசி நாற்காலியின் முன்னே, உட்கார்ந்த பெண்ணின் தலை உயரத்தில், வினிதாவின் காய்ச்சலுக்கு அவர் காலையில் நெற்றியில் போட்ட ஈரத்துணி அந்தரத்தில் நின்றது. அதிலிருந்து மேசையில் நீர் சொட்டியது.