காயாத ஸ்பாஞ்சு

சிட்டிபாபு கண்களை மூடியிருந்த வி.ஆர். ஹெட்செட்டைக் கழற்றி மேசைமீது வைத்தார். இரு உள்ளங்கைகளாலும் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, பிறகு அந்தக் கைகளை முகர்ந்து பார்த்தார்.

"வூடு சோக்கா கீதும்மா. நெசமாவே உள்ள போயி நடந்த மாதிரி கீது. ஆனா இன்னா நாத்தம்! அந்த வூட்ல எலி கிலி செத்துப் பூடுச்சா?"

ஜீவிதா சிரித்தாள். "அதுல வாசனையே வராதுண்ணா. படமும் சத்தமும் மட்டும்தான்."

"அப்ப என் மூக்கு பொய் சொல்லுதா? தெனம் ஆட்டோல மீன்கூடை ஏத்தறவன் நானு. எனக்கே கொமட்டுதுன்னா பாத்துக்க."

அவர் அஸ்தினாபுரத்துப் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். ஹெட்செட் அழுந்திய தடம் அவர் கண்களைச் சுற்றி வளையமாகப் பதிந்திருந்தது. எல்லோருக்கும் பதிவதுதான். ஆனால் இவருடைய தடம், நத்தை ஊர்ந்து சென்ற சுவரைப்போல் பளபளத்தது. அதைச் சொறிந்துகொண்டே அவர் படியிறங்கிப் போனார்.

தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையோரம் அமைந்த அந்தப் பல்கலைக்கழகத்தில், ஜீவிதாவின் ஆய்வுக்கூடத்திற்குச் சன்னல்கள் கிடையா. கண்ணுக்கு முன்னால் திரையில் தோன்றும் ஒரு வீட்டை, மனிதர்கள் எவ்வளவு தூரம் உண்மையென நம்புகிறார்கள் என்பதே அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. நாளைக் காலை ஆய்வுக்குழு கூடுகிறது. ஒருவருடைய பதிவு குறைந்தாலும் கால நீட்டிப்பு இல்லை, ஆய்வே முடிந்தது என்று கைடு ஷீலா மேடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இன்னும் ஒரே ஒருவர்தான் பாக்கி.

ஆய்வின் நடுவே கருவியில் எதையும் மாற்றலாகாது என்னும் விதியை அவள் வேதவாக்காகக் கொண்டிருந்தாள். கண்களையும் கன்னங்களையும் சுற்றிப் படியும் கறுப்பு ஸ்பாஞ்சுக்கும் அந்த விதி பொருந்தும் என்பது அவள் கருத்து. புதிய ஸ்பாஞ்சுகள் உறை பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடந்தன. முதலாமவர் முகத்தில் படிந்ததே கடைசியானவர் முகத்திலும் படிய வேண்டும். இல்லையேல் ஒருவர் அனுபவத்தை மற்றவர் அனுபவத்தோடு எப்படி ஒப்பிடுவது? ஒவ்வொருவரும் போனபின் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பாள், அவ்வளவுதான். திருநீர்மலையில் தரிசனம் முடித்து நேரே வந்தவர்களின் நெற்றிச் சந்தனமும், தேங்காயெண்ணெயும், முகப்பவுடரும், சளிக்காரர்களின் மூச்சும், பயந்து அழுத ஒருத்தியின் கண்ணீரும் அதற்குள்தான் இறங்கியிருந்தன.

மாலை டீ குடித்துத் திரும்பியபோது ஸ்பாஞ்சு சூடாக இருந்தது.

ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. மேசை சில்லிட்டிருந்தது. ஸ்பாஞ்சு மட்டும் காய்ச்சல்காரன் அக்குளைப்போல் வெதுவெதுத்தது. அவள் வெள்ளைப் பஞ்சால் துடைத்தாள். பஞ்சோடு மஞ்சள் கலந்த கோழை நூல்நூலாக இழுபட்டு வந்தது. துடைக்கத் துடைக்க ஊறியது. ஓரத்தில் ஒரு நரைமுடி ஒட்டியிருக்கக் கண்டு நகத்தால் பிடித்து இழுத்தாள். முடி வரவில்லை, அதன் அடியிலிருந்த ஸ்பாஞ்சு, தோலைப்போல் கூம்பி எழுந்தது. வெடுக்கென்று பிடுங்கினாள். முடியிருந்த இடத்தில் ஒரு துளி ஈரம் முட்டி நின்றது.

வாசற்கதவு தட்டப்பட்டது.

கடைசி ஆளான வினிதா, தாம்பரம் மார்க்கெட்டருகே சொந்தக் கட்டடத்தில் ஜவுளிக்கடை நடத்துபவர். ஹெட்செட்டை முகத்தருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

"ஐய! என்னம்மா இது, யாரோ மென்னு துப்புன மாதிரி இருக்கு?"

"க்ளீன் பண்ணிட்டேன் அக்கா. ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன்."

"இதைத் துடைச்சியா? கடையில இப்படி இருந்தா நீ வாங்குவியா, சொல்லு?" ஹெட்செட்டை இரு விரல்களால் நீட்டினார். "பாரு, என் கை பிசுபிசுக்குது. நீயே மாட்டிக்க கண்ணு. நான் வீட்டுக்குப் போயி மொதல்ல குளிக்கணும்."

எவ்வளவு கெஞ்சியும் அவர் நிற்கவில்லை. செருப்புச் சத்தம் படிகளில் தேய்ந்து மறைந்தது.

அறையில் ஏ.சி.யின் உறுமலும் அந்த வாடையும் மிஞ்சின. புளித்த பாலும், ஈரத்துண்டும், நெடுநாள் கட்டிய புண்ணைப் பிரிக்கையில் எழும் நெடியும் கலந்த வாடை. மணி ஐந்தாகப்போகிறது, இனி யாரைத் தேடுவது? பதிவில் முகம் தெரியாது. வினிதாவின் பெயரில் தானே அணிந்துவிட்டால் யாருக்குத் தெரியும்? அலமாரியை ஒருகணம் பார்த்தாள். பொய்யான ஆளைப் பதிவு செய்ய இணங்கிய மனம், மாற்றிய ஸ்பாஞ்சுக்கு இணங்கவில்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தில் பொருத்தினாள்.

அது வழுவழுவென்று, தானாகவே வாகு பார்த்துப் படிந்தது.

கண்முன் வீடு விரிந்தது. வெளிச்சமான கூடம். தூசியற்ற தரை. இதை வடிவமைத்தவள் அவளே. ஒவ்வொரு மூலையும் அவளுக்குத் தெரியும். எங்கும் ஒரு குறையுமில்லை. நடுவில் கழற்றினால் பதிவு அழிந்துவிடும். கூடத்தைக் கடந்து, சமையலறையைச் சுற்றி, மாடிக்குப் போய்த் திரும்பினால் முடிந்தது.

நடந்தாள். கன்னத்தில் ஏதோ நகர்ந்தது.

வியர்வை என்று நினைத்தாள். வியர்வை கீழ்நோக்கி வழியும். இது மேலே ஏறியது. இமையோரத்தைத் தொட்டது. மெல்ல உறிஞ்சியது.

சமையலறை. பளபளக்கும் பாத்திரங்கள். மூக்கின் இருபுறமும் ஈரமான விளிம்பு இறங்கிவந்தது. மேலுதட்டை எட்டியது. உப்புக் கரித்தது. வேறு யாருடைய உப்போ அது.

துப்ப வழியில்லை. விழுங்கினாள்.

இன்னும் மாடி.

படி. அடுத்த படி. உதடுகளை இறுக மூடினாள். அது உதடுகளின்மேலும் படர்ந்தது. தாடைக்குக் கீழே சென்று சற்றே இளைப்பாறியது. பிறகு காதுகளை நோக்கி.

மாடி அறை. திரும்பு. இறங்கு. கூடம்.

'நன்றி' என்று திரையில் எழுத்துகள் ஒளிர்ந்தன. பதிவாகிவிட்டது.

இரு கைகளாலும் ஹெட்செட்டைப் பற்றி இழுத்தாள். சிறிதும் சிரமமின்றிக் கழன்று வந்தது. உட்புறம் வெறும் பிளாஸ்டிக். காய்ந்து, சுத்தமாக.

விரல்களைக் கன்னத்திற்குக் கொண்டுபோனாள். மெத்தென்று அமுங்கியது. ஓரம் எங்கே என்று தேடினாள். நெற்றியில் இல்லை. கழுத்தில் இல்லை. நகத்தால் கிள்ளினாள், அவளுக்கே வலித்தது.

கதவு தட்டப்பட்டது.

"ஜீவிதா? வினிதா ரெக்கார்டிங் ஆயிடுச்சா?" ஷீலா மேடத்தின் குரல்.

வாயைத் திறக்க முயன்றாள். வாய் இருந்த இடம் விரலுக்குத் தட்டுப்படவில்லை.

நெற்றியிலும் கன்னங்களிலும் தாடையிலும் நுண்துளைகள் அத்தனையும் ஒருசேர விரிந்து, ஈரமாக மூச்சிழுத்து, ஆணும் பெண்ணும் கிழமும் இளமையுமாய்ப் பல குரல்களில் பதில் சொல்லின:

"ஆயிடுச்சு மேடம். உள்ள வாங்க."