சிரிஞ்சில் மீந்த தண்ணீர்

மூன்று மணிக் காபியைக் குடித்துவிட்டு வந்து, குழந்தைகள் தீவிர சிகிச்சை அறையின் கண்ணாடிக் கதவைத் தள்ளியதுமே விஜிலாவின் மூக்கில் அந்த நாற்றம் ஏறியது. சங்கு நாற்றம். கரையில் பிறந்தவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடலிலிருந்து எடுத்த சங்குகளைக் குடோனில் குவித்துப் போட்டு, உள்ளிருக்கும் சதை அழுகிக் கழன்று வரும்வரை காத்திருப்பார்கள். அந்த நாட்களில் தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கும். தித்திப்பும் மலமும் கலந்தாற்போல, தொண்டையின் அடியில் போய் ஒட்டிக்கொண்டு, குடித்த காபியை மேலே தள்ளுகிற நாற்றம். ஆனால் இந்த அறையில் ஜன்னலே திறக்காது. ஏ.சி. குளிரில் ஸ்பிரிட்டும் லோஷனும் மணக்க வேண்டிய இடம் இது.

குப்பைத் தொட்டியைத் திறந்து பார்த்தாள். டயப்பர் வாளியைப் பார்த்தாள். மாஸ்க் போட்டிருந்த ஜூனியர் நர்ஸ் ஸ்டெபியிடம் கேட்டதற்கு, தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றாள். கடைசியில் எமர்ஜென்சி டிராலியின் மேல்தட்டில் குனிந்தாள், நாற்றம் அங்கிருந்துதான் வந்தது. அட்ரினலின் குப்பிகள், ஊசிகள், சலைன் ஏற்றித் தயாராக வைத்த சிரிஞ்சுகள், எல்லாம் அவள் கையால் அடுக்கியவை. ஓரத்தில், மற்றவற்றைத் தொடாமல், பாதி காலியான ஒரு சிரிஞ்சு கிடந்தது. அதை அங்கே வைத்ததும் அவள்தான்.

காலையில் இறந்த குழந்தைக்காக எடுத்த சிரிஞ்சு அது. கிரேசி என்பவளின் ஆண் பிள்ளை. இன்னும் உட்காரக்கூடப் பழகவில்லை. அப்பன் ரெக்ஸ் சங்கு குளிக்கிறவன். பிள்ளைக்குப் பால் புகட்டுவதற்குக் கடையில் சங்கு வாங்காமல், தான் எடுத்த சின்னச் சங்கையே வீட்டில் வைத்துத் தேய்த்துக் கொடுத்திருக்கிறான். உள்சுருளில் சதை மிச்சமிருந்து அழுகியது யாருக்கும் தெரியவில்லை. தினமும் அந்தச் சங்கில்தான் பாலும் மருந்தும். இங்கே கொண்டுவந்தபோது வயிறு பானையாக ஊதியிருந்தது. வாயிலிருந்து சாம்பல் நிறத்தில் குழகுழவென்று வழிந்துகொண்டே இருந்தது. எத்தனையோ பிள்ளைகளின் வாந்தியையும் பேதியையும் முகம் சுளிக்காமல் துடைத்தவள் விஜிலா. இன்று காலையில் அவளுக்கே குமட்டியது. ஒரு சிசுவைப் பார்த்து அருவருப்பதா என்று தன்மேலேயே வெறுப்பும் வந்தது.

அட்ரினலின் மேல் அட்ரினலின் கொடுத்தும் நாடித்துடிப்பு பிடிபடவில்லை. அப்போதுதான் கிரேசி அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். "பேரு வைக்காத பிள்ளை சிஸ்டர். பேரில்லாம எப்படி அனுப்புவேன்?"

பங்குச் சாமியார் வந்து சேரும்வரை பிள்ளை தாங்காது. சாகக் கிடக்கிற பிள்ளைக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது கரையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தண்ணீர் பக்கத்தில் இல்லை. கையில் சலைன் சிரிஞ்சு இருந்தது. உப்புத் தண்ணீர் செல்லுமா செல்லாதா என்று சாமியாரிடம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என நினைத்து, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் நெற்றியில் மூன்று முறை பீய்ச்சி, ரோச் என்று பேர் வைத்தாள். நெற்றிவரை அப்பியிருந்த வாந்தியில் சிரிஞ்சின் நுனி பட்டு மீண்டது. ஆமென் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளை போய்விட்டது.

மீந்த தண்ணீரை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஞானஸ்நானத் தண்ணீரை, மலத்துணி போடுகிற மஞ்சள் பையில் வீசக் கை வரவில்லை. அதை யார் காலும் படாத மண்ணில் ஊற்றுவதுதான் வழக்கம். வேலை முடிந்து கீழே போகும்போது வேப்பமரத்தடியில் ஊற்றிவிடலாம் என்று மூடி போட்டு ஓரமாக வைத்தாள். வேறு ஊர் நர்ஸாக இருந்தால் அந்த நிமிடமே தூக்கி எறிந்திருப்பாள்.

இப்போது அதை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். தண்ணீர் கலங்கியிருந்தது. அடியில் கோழை மாதிரி ஏதோ திரண்டு, சிரிஞ்சைச் சாய்த்தால் சாயாமல், தன் இஷ்டத்துக்கு நகர்ந்தது. உடனே கீழே கொண்டுபோய்த் தொலைத்துவிட வேண்டும் என்று திரும்பினாள். மானிட்டர் அலறியது.

மூன்றாவது கட்டில். சண்முகசுந்தரியின் மகள் செல்வி. ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் வயல்காட்டு ஊரிலிருந்து, பேதியில் உடம்பெல்லாம் வற்றிப்போய் வந்த கைப்பிள்ளை. நரம்பு அகப்படாததால் முழங்காலுக்குக் கீழே எலும்பிலேயே ஊசி இறக்கியிருந்தார்கள். விஜிலா கையிலிருந்ததைத் தட்டிலேயே போட்டுவிட்டு ஓடினாள். ஸ்டெபி டிராலியை இழுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். டாக்டர் ஜெமி நெஞ்சை அமுக்கத் தொடங்கினார். வெளியே தாயின் குரல் கேட்டது.

டாக்டர் அட்ரினலின் கேட்டார். கொடுத்தாள். பின்னாலேயே சலைனைத் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் மருந்து எலும்புக்குள்ளேயே தங்கிவிடும். கண் மானிட்டரில், கை தட்டில். அகப்பட்டதை எடுத்து, மூடியைக் கழற்றி, பொருத்தித் தள்ளினாள். இது அந்தப் பாதி சிரிஞ்சு என்று விரல்களுக்குத் தெரிந்தபோது கடைசிச் சொட்டும் போய்விட்டது.

இதயம் உடனே எழுந்தது. அவ்வளவு சீக்கிரம் எழுந்து அவள் பார்த்ததில்லை. டாக்டர் நிமிர்ந்து, நல்ல வேலை சிஸ்டர் என்று சொல்லி, நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"டாக்டர், அந்தச் சலைன்..." என்று ஆரம்பித்தாள் விஜிலா. அவர் அதற்குள் செல்போனை எடுத்து மதுரையில் யாரிடமோ பேசப் போய்விட்டார். சொல்லித்தான் ஆக வேண்டும். செத்த பிள்ளையின் அழுக்கு உயிருள்ள பிள்ளையின் எலும்புக்குள் போயிருக்கிறது. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் பிள்ளை போகலாம். பிள்ளைதான் பிழைத்துவிட்டதே, ஆன்டிபயாடிக்கும் ஓடுகிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொண்ட தன் புத்தியை நினைக்கவே கூசியது.

செல்வியின் வாயிலிருந்து வழிந்தது.

சாம்பல் நிறம். குழகுழவென்று.

விஜிலா உறிஞ்சு குழாயை வைத்தாள். குழாய் இழுத்தது, ஜாடி நிறைந்தது, வழிவது நிற்கவில்லை. சின்னச் சின்னச் சதைத் துணுக்குகள் ஜாடிக் கண்ணாடியில் ஒட்டி, மெல்ல மேலே ஏறின. பால் எதுக்களித்திருக்கும் என்றாள் ஸ்டெபி. மாஸ்க்குக்குப் பின்னால் அவளுக்கு ஒன்றும் நாறவில்லை. விஜிலா வாயைப் பொத்திக்கொண்டு வாஷ்பேசினுக்கு ஓடிக் காபியை வாந்தியெடுத்தாள்.

திரும்பி வந்தபோது வழிவது நின்றிருந்தது. பிள்ளை கண் திறந்திருந்தது. டாக்டர் அனுமதி கொடுத்து, சண்முகசுந்தரி உள்ளே வந்து கட்டிலோரம் குனிந்திருந்தாள்.

"ஏளா செல்வி, அம்மாவப் பாரு தாயி."

பிள்ளை பார்க்கவில்லை.

வெளியே நடைவழியில், உடலை வாங்கிக்கொண்டு போகிறவர்களின் காலடிகள். கிரேசியின் குரல், காலையில் வைத்த பேரைச் சொல்லி ஓலமிட்டது. ரோச்சே, என் ரோச்சே.

பிள்ளையின் தலை கதவுப் பக்கம் திரும்பியது. நேராக. உடனே. உதடுகள் சப்புக்கொட்டின.

"பசிக்கு பாருங்க சிஸ்டர்," என்றாள் சண்முகசுந்தரி. இரண்டு நாளாக அழுத முகம் முதல்முறையாகச் சிரித்தது. சுண்டுவிரலைச் சேலையில் துடைத்துப் பிள்ளையின் வாயில் வைத்தாள்.

வேண்டாம் என்று சொல்ல விஜிலா வாயைத் திறந்தாள். நாற்றம்தான் உள்ளே போனது.

தாய் விஜிலாவையே நன்றியோடு பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க நல்லாருக்கணும் சிஸ்டர். என்ன இழுப்பு இழுக்கா பாருங்க."

விஜிலா பார்த்தாள்.

உதடுகளுக்கு நடுவிலிருந்து அது வெளியே வந்திருந்தது. நாக்கு இல்லை. சாம்பல் நிறச் சதை, ஈரமாக, தடிப்பாக, ஓரமெல்லாம் சுருங்கி விரிந்தபடி. சுண்டுவிரலை முழுதாக மூடிவிட்டது. பக்கத்து விரலையும். சிரித்துக்கொண்டிருந்த தாயின் புறங்கையில் பரவி, வளையலுக்கு அடியில் நுழைந்து, அவசரமே இல்லாமல் மேலே ஏறிக்கொண்டிருந்தது.