கரியாலூரில் எரிந்த பச்சை விளக்கு

செவ்வாய்க்கிழமை, காலை 9.20.

மலைமேல் கரியாலூரில் கம்பத்தின் உச்சிவரை ஏறிய இணைய நிறுவன ஊழியன் ஜீவா அங்கே வெறும் இரும்புப் பட்டையைத்தான் பார்த்தான். மலைக்கே இணையம் கொடுக்கும் ரேடியோ கருவியைக் காணோம். திருகாணிகள் பதறாமல், முறையாகக் கழற்றப்பட்டிருந்தன.

கீழே கள்ளக்குறிச்சி அலுவலகத் திரையில், அதே கருவிக்கு நேரே பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பத்தரை மணிக்கு மாஹிரா அலுவலகத்துக்கு வரவழைக்கப்பட்டாள். அந்தத் திரையை இயக்கும் 'கண்காணி' அவள் எழுதிய மென்பொருள். எந்தக் கருவி உயிரோடு இருக்கிறது, எது படுத்துவிட்டது என்று ஓயாமல் விசாரித்துச் சொல்வது அதன் வேலை. இலவசம். நிரலை யாரும் படிக்கலாம், திருத்தியும் அனுப்பலாம். வீட்டு மாடியில் உட்கார்ந்தபடி ஆறு வருடமாக அதைப் பராமரித்து வந்தாள். பெயர் தெரியாத ஊர்களின் ஆஸ்பத்திரிகள்கூட அதை நம்பியிருந்தன.

இணைய நிறுவனத்தை நடத்தும் அன்சர் பாய், எலவனாசூர்கோட்டையில் நான்கு நாள் கல்யாண வேலையை முடித்துவிட்டு அன்று காலைதான் திரும்பியிருந்தார். அலுப்பு முகத்தில் தெரிந்தது.

"இல்லாத கருவிக்குப் பச்ச காட்டுது. இத எப்படிம்மா நம்பறது?"

அலுவலகப் பொறியாளன் நிஷாத் மரியாதையாகத்தான் பேசினான். இரண்டு நாளாக மலையிலிருந்து புகார் வந்தது உண்மை. திரை பச்சையாக இருந்ததால், கோளாறு உங்கள் போனில்தான் என்று சொல்லிவிட்டானாம். 'கண்காணி' பழைய பதிலையே திரும்பத் திரும்பக் காட்டுகிறது என்பது அவன் முடிவு.

அது உண்மையென்றால் மாஹிரா உலகம் முழுக்க எச்சரிக்கை அனுப்பியாக வேண்டும். எங்கோ ஓர் ஆஸ்பத்திரியிலும் இப்படியொரு பொய்ப் பச்சை எரிந்துகொண்டிருக்கலாம்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதல் சோதனையிலேயே ஒன்று தெளிவானது. பதில்கள் பழையவை அல்ல. அந்த நொடியிலும் புதிதாக வந்துகொண்டிருந்தன. கருவி எங்கோ உயிரோடுதான் இருக்கிறது.

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் கொஞ்ச நேரம் செவப்பு இருக்குதே, இன்னா அது?"

"மலையில கரண்ட் கட்டுக்கா" என்றான் நிஷாத்.

ஜீவாவுக்குப் போன் போட்டாள். ஞாயிறு மாலை அங்கே மின்சாரம் போகவில்லை என்றான் அவன். அருவியில் தண்ணீர் நிறைய, கூட்டமும் நிறைய. நிஷாத் அண்ணன்கூட வந்திருந்தார், டீக்கடையில் பார்த்தேன் என்றும் சொன்னான்.

மாஹிரா போனை வைத்துவிட்டு, யாரும் திறந்து பார்க்காத ஒரு பக்கத்தைத் திறந்தாள். கருவியின் வெப்பநிலைக் கோடு. சற்று நேரம் அதையே பார்த்தாள். பிறகு திரையை அன்சர் பாய் பக்கம் திருப்பினாள்.

"பாய், இங்க பாருங்க. மலையில பகல்ல வெயிலு, ராத்திரியில குளிரு. சனிக்கெழம வரைக்கும் இந்தக் கோடு ஏறி எறங்கிக்கினு இருக்குது. ஞாயிறு ராத்திரியிலேர்ந்து ஸ்கேல் வெச்சு இழுத்தாப்ல நேரா போவுது. ராவும் பகலும் ஒரே குளிர்ச்சி நம்ம ஊர்ல எங்க இருக்குது?"

அன்சர் பாயின் பார்வை, ஏசி நிற்காமல் ஓடும் சர்வர் அறைக் கதவுக்குப் போனது. அதற்கு இரண்டே சாவிகள். ஒன்று அவர் சட்டைப் பையில்.

"செவப்பு இருந்த நேரம், கரியாலூர்லேர்ந்து பைக்ல எறங்கி வர்ற நேரம்" என்றாள் மாஹிரா. "கருவிய எங்க மாட்டினாலும் அதோட முகவரி மாறாது. 'கண்காணி' கூப்பிட்டுச்சு, அது பதில் சொல்லிச்சு. நெசத்ததான் சொல்லிச்சு. சாவிய குடு நிஷாத்."

அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால், அலுவலக இணைப்பு வயர் மாட்டியபடி, சின்னப் பச்சை விளக்கு மினுங்க, கருவி படுத்திருந்தது.

நிஷாத் தலையைத் தூக்கவில்லை.

"எட்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு திருத்தம் எழுதி அனுப்பனேன்கா. நல்லாருக்குனோ நல்லால்லனோ ஒரு வார்த்த வரல. உங்களுதும் ஒருநாள் தப்பாவும்னு எல்லாரும் பாக்கட்டும்னு தோணிச்சு."

அன்சர் பாய் போலீசுக்குப் போவதாகச் சொன்னார். மலையில் இரண்டு நாளாக இணையம் இல்லை, முதலில் கழற்றியவனே போய் மாட்டட்டும் என்றாள் மாஹிரா. கோபம் தணிய ஒரு டீ ஆயிற்று. கடைசியில் அவர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, இனி ஒரு மாதம் நிஷாத் கரியாலூரில் ஜீவாவின் கீழ் வேலை பார்க்க வேண்டும் என்று தீர்த்தார்.

மாலை ஐந்து மணிக்கு ஜீவா போன் செய்தான். கருவி கம்பத்தில் ஏறிவிட்டது. ஊரே போனும் கையுமாக இருக்கிறது.

அன்றிரவு வீட்டு மாடியில் காற்று நன்றாக வந்தது. உலகத்துக்கு எந்த எச்சரிக்கையும் அனுப்ப வேண்டியிருக்கவில்லை. மாஹிரா மடிக்கணினியைத் திறந்து, படிக்காமல் கிடந்த திருத்தங்களின் குவியலுக்குள் நிஷாத்துடையதைத் தேடி எடுத்தாள். சின்ன நிரல்தான். இரண்டு பிழைகள் இருந்தன, யோசனை அருமை. பச்சையாக இருந்தாலும், ஒரு கருவியின் வழக்கமான நடத்தை திடீரென்று மாறினால் உடனே குரல் கொடுக்கச் சொல்லும் திருத்தம் அது.

அதை அன்றே சேர்த்திருந்தால் ஞாயிறு ராத்திரியே அவன் பிடிபட்டிருப்பான்.

தனியாகவே சிரித்துவிட்டாள். பிறகு இரண்டு பிழைகளையும் குறித்து, சரிசெய்து அனுப்பு, சேர்த்துவிடுகிறேன் என்று பதில் எழுதினாள்.