அஞ்சு மணி பேட்ச்

சேக்காட்டில் அந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது தினகரனுக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது. பின்னால் மகள் பவ்யா, காலாண்டுத் தேர்வுத் தாளைச் சுருட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கணக்கில் பத்தொன்பது. இந்த வருடம் பத்தாம் வகுப்பு.

அவன் அண்ணனூர் ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வெளியே வந்தால், இரண்டு மாதமாக டியூஷன் தேடி அலைவதுதான் வேலை. அம்பத்தூரில் ஒரு சென்டரில் ஒரே ஹாலில் அறுபது பிள்ளைகள். கடைசி பெஞ்சில் இருந்தவளுக்குப் போர்டே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சொல்லித்தருகிறேன் என்ற இன்ஜினியரிங் பையன் நான்கு நாள் வந்தான். ஐந்தாம் நாள் அவன் போன் ஸ்விட்ச் ஆஃப். செல்போனில் பாடம் எடுத்த அம்மாள் நிமிடத்துக்கொரு தரம் ‘புரிஞ்சுதா?’ என்று கேட்பார், பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். இன்றைக்கு ஆவடியில் ஒருவர், அறுபது மார்க்குக்குக் கீழே எடுப்பதில்லை என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். அறுபது எடுக்கிற பிள்ளைக்கு உன் டியூஷன் எதற்கய்யா என்று கத்திவிட்டு வந்திருந்தான்.

திரும்பும் வழியில்தான் மின்கம்பத்தில் கட்டியிருந்த துருப்பிடித்த தகரப் பலகை கண்ணில் பட்டது. ‘பத்தாம் வகுப்பு கணக்கு. விஜி மிஸ். மாலை 5 மணி.’ போன் நம்பர் இல்லை. ஓர் அம்புக்குறி மட்டும்.

பழைய மாடி வீடு. வாதாம் மரம் ஒன்று வாசலையே மூடி நிழல் போட்டிருந்தது. படிக்கட்டின் கீழே செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. இருபது ஜோடி இருக்கும். அதைப் பார்த்ததும் அவனுக்குத் தெம்பு வந்தது. இத்தனை பிள்ளைகள் வருகிற இடம் மோசமாக இருக்காது.

கதவு பாதி திறந்தது. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். விரல்களில் சாக்பீஸ் தூள். அவளுக்குப் பின்னால் அறை இருட்டாக இருந்தது. நோட்டில் பென்சில்கள் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் மார்க் கேட்கவில்லை. எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்கவில்லை. உள்ளே வந்து உட்காரச் சொன்னாள், அவ்வளவுதான்.

இரண்டு மாத அலைச்சலும் சேர்ந்து தினகரனின் வாயில் வந்தது. “எவ்ளோ நேரம் ஆனாலும் பரவால்ல மிஸ். கணக்கு வர்ற வரிக்கும் இவள உடாதீங்க.”

அவள் அப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“விடமாட்டேன்.”

பவ்யாவுக்குக் கணக்கு வந்தது. முதல் வாரம் ஆறரைக்கு வெளியே வந்தாள். அடுத்த வாரம் ஏழு. அதற்கடுத்த வாரம் ஏழே முக்கால். தினகரன் அவளை அந்த வாசலில் இறக்கிவிட்டு, வகுப்பு முடியும்வரை தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்திருப்பான். பள்ளியில் வைத்த சின்னத் தேர்வில் ஐம்பதுக்கு நாற்பத்தாறு வாங்கினாள். அந்தத் தாளை ஷெட்டில் எல்லோரிடமும் காட்டினான்.

வீட்டில் அவன் மனைவி சரசாவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. பெண் சரியாகச் சாப்பிடுவதில்லை என்றாள். தலை வாரும்போது முடியில் ஈரச் சுண்ணாம்பு வாசனை அடிக்கிறது என்றாள். தூக்கத்தில் வாய் ஓயாமல் சூத்திரம் சொல்கிறாளாம், அதுவும் வேறு யாருடைய குரலிலோ. படிக்கிற பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்று தினகரன் சிடுசிடுத்தான். வராத கணக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. அதில் போய்க் குறை கண்டுபிடிப்பதா?

பக்கத்தில் யார் உட்கார்வது என்று ஒருநாள் பவ்யாவிடம் பேச்சுவாக்கில் கேட்டான். நிஷா என்றாள். அவளும் கணக்கில் வீக்காம், பாவம்.

கார்த்திகை மாதத்து மழை நாள் ஒன்றில் டீக்கடை திறக்கவில்லை. தெருமுனையில் அப்துல் ரசாக்கின் இஸ்திரி வண்டிக் கூரைக்கடியில் ஒதுங்கி நின்றான். ஆறு மணி ஆனது. அப்போதுதான் அவனுக்கு ஒன்று உறைத்தது. மழையில் பிள்ளையைக் கூட்டிப்போக வேறு ஒரு தகப்பனும் வந்து நிற்கவில்லை. அந்த வாசலில் ஒரு சைக்கிள்கூட இல்லை. இத்தனை நாளில் பவ்யாவைத் தவிர ஒரு பிள்ளை அந்தக் கேட்டைத் தாண்டி அவன் பார்த்ததில்லை.

ரசாக்கிடம் கேட்டான். அவர் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

“அந்த ஊட்லயா? டியூசனா?”

ஆறு வருடத்துக்கு முன்னால் விஜி மிஸ் அங்கே டியூஷன் எடுத்தது உண்மைதான் என்றார். ரொம்பக் கண்டிப்பு. எல்லோரும் கணக்கை முடிக்காமல் ஒருவரையும் எழுந்திருக்க விட மாட்டாள். ஒருநாள் சாயங்காலம், கையில் சாக்பீஸோடு போர்டுக்குக் கீழேயே சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் பயந்துபோய் வெறுங்காலோடு ஓடினார்கள். செருப்பை எடுக்கக்கூட ஒருத்தரும் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து வீடு சும்மா கிடக்கிறது.

“என் பொண்ணு நிஷாவும் அன்னிக்கு அங்க இருந்துச்சு, அண்ணாத்தே. இப்ப பாடில கம்பெனி வேலைக்குப் போய்க்கினு கீது. அந்தப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்காது.”

தினகரன் மழையில் இறங்கி ஓடினான்.

படிக்கட்டின் கீழே செல்போன் டார்ச்சை அடித்தான். செருப்புகளின் வார்கள் செல்லரித்திருந்தன. உள்ளே வாதாம் சருகு மக்கிக் கிடந்தது. பாசி படிந்த அந்த வரிசையில் பவ்யாவின் செருப்பு மட்டும் புதிது.

தினமும் பார்த்த செருப்புகள்தான்.

கதவைத் தள்ளினான்.

பென்சில்கள் உரசிக்கொண்டிருந்தன. அவன் கால் உள்ளே பட்டதும், எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன.

ஈரச் சுண்ணாம்பு வாசனை. தரையெல்லாம் தூசு. அதில் ஒரு பிள்ளை சம்மணம் போட்டு உட்காரும் அளவுக்கு, வரிசை வரிசையாகத் தூசு படியாத இடங்கள். நடுவே பவ்யா, மடியில் நோட்டோடு.

“சத்தம் போடாதப்பா,” என்றாள். “இன்னும் முடியல.”

அவள் கையைப் பிடித்தான். சில்லிட்டிருந்தது. தூக்கப் பார்த்தான். ஷெட்டில் இரும்பு தூக்கிப் பழகிய கைகள். பதினைந்து வயதுப் பெண்ணை அசைக்க முடியவில்லை.

இருட்டில் போர்டின் மேல் சாக்பீஸ் கிறீச்சிட்டது.

பிறகு குரல், அவன் காதருகே.

“நீங்கதானே விடாதீங்கன்னு சொன்னீங்க.”

இரண்டு மாதமாக ஊரிலிருந்த டியூஷன் மாஸ்டர்கள்மேல் வந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. மகளின் உள்ளங்காலைப் பார்த்தான். நீலம் பாரித்திருந்தது.

“சொன்னேன் மிஸ். தப்புதான். கணக்கு வரலன்னா வராம போட்டும். ஃபெயிலானாலும் அவ எம்பொண்ணுதான். உட்டுடுங்க.”

சாக்பீஸ் சத்தம் நின்றது. மழைகூட.

“அப்போ இவங்கள்லாம்?”

தூசு படியாத அந்த இடங்களைச் சுற்றிப் பார்த்தான். பவ்யாவின் கை அவன் கையில் லேசாக அசைந்தது. அவளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் தெருவுக்கு வந்தான்.

மூன்று நாள் காய்ச்சல். அதன்பிறகு பவ்யா பழையபடி சாப்பிட்டாள், சண்டை போட்டாள், டிவி பார்த்தாள். அந்த வீட்டைப் பற்றி அவளுக்கு எதுவும் ஞாபகமில்லை. அரையாண்டில் கணக்குக்கு இருபத்தெட்டு. தினகரன் ஒரு வார்த்தை சொல்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். சரசா அவனை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

ஜனவரியில் ஒரு நாள் சாயங்காலம், மழை நாளன்று நம்பர் வாங்கி வைத்திருந்த அப்துல் ரசாக் போன் செய்தார். தெருவில் நின்று பேசுவது கேட்டது.

நிஷா கம்பெனியிலிருந்து வந்ததும் யூனிஃபார்ம்கூட மாற்றாமல், பழைய கணக்கு நோட்டு எங்கே என்று வீட்டையே புரட்டிப் போட்டாளாம். எதற்கு என்று கேட்டால், மணி அஞ்சாகிவிட்டது என்கிறாளாம். கையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லையாம்.

“அது மட்டும் இல்ல, அண்ணாத்தே. அந்த பேட்ச் பசங்க ஒவ்வொருத்தரா வந்துகினு கீறாங்க. ஒருத்தன் ஆட்டோவ நடுரோட்டுல உட்டுட்டு எறங்கிப் போறான். ஒருத்தி இடுப்புல கொழந்தையோட போறா.”

குழந்தையையாவது வாங்கி வையுங்கள் என்று தினகரன் கத்தினான்.

மறுமுனையில் ரசாக் ஓடுவது கேட்டது.

“கதவ சாத்திட்டாங்க.”