இருநூற்றுப் பதினைந்தாவது புள்ளி

பூஜ்யம் டாலர், பூஜ்யம் சென்ட்.

ரோவீனா பிட்காத்லியின் பன்னிரண்டு வருடக் கடலுக்கு டாரல் க்ரிம்ஷா போட்ட விலை அது. பில்லில் அவன் கைப்படவே எழுதியிருந்தான்.

அந்த டாரல் இப்போது அவள் கூண்டுக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தான்.

செத்து...

கயிறு இழுக்கும் வின்ச்சை நிறுத்தினாள். சிங்கி இறாலுக்காக நேற்று அவள் தனியாக வந்து இறக்கிய கூண்டு. கயிற்றில் ஒரு நங்கூரச் சங்கிலி சிக்கியிருந்தது. சங்கிலியின் மறுமுனையில் டாரல்!

பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சு. அவள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன். பின்மண்டையில் ஒரு பிளவு.

ரேடியோவில் போலீஸைக் கூப்பிட்டாள்.

போர்ட் மெக்டொனெல் என்ற ஆஸ்திரேலிய மீனவ ஊரில் படகு எலக்ட்ரானிக்ஸ் விற்கும் கடை டாரலுடையது. ஆறாயிரத்து எண்ணூறு டாலருக்கு அவனிடம் வாங்கிய ஜி.பி.எஸ் பெட்டி பதினெட்டாவது மாதம் கண்ணை மூடியது. கம்பெனி வாரண்டி ஒரு வருடம்தான், ரிப்பேருக்கு இரண்டாயிரத்து இருநூறு ஆகும் என்றான் டாரல்.

ரோவீனா விடவில்லை.

"அந்த ஒரு வருஷம் கம்பெனி காட்டற தாராளம், டாரல். சட்டம் குடுக்கறது என் உரிமை. இந்த விலைக்கு வித்த சாமான் ஒன்றரை வருஷத்துல செத்தா, வித்தவன் நீதான் சரி பண்ணணும். காசு வாங்காம."

டாரல் சிரித்துவிட்டான். கொண்டு வா என்றான்.

கொண்டுபோனது அவள் புருஷன் நீல்.

மூன்று வாரம் கழித்து, பூஜ்யம் டாலர் பில்லோடு வேறொரு பெட்டி வந்தது. பழையதைப் புதுக்கியது. உள்ளே துடைத்துவிட்டது மாதிரி காலி. இறால் கிடைக்கும் இடங்கள் என்று பன்னிரண்டு வருடமாக அவள் குறித்துவைத்த இருநூற்றுப் பதினான்கு புள்ளிகள்... ஒன்றுகூட இல்லை!

அந்த ஊரில் கார் சாவியைக் கேட்டால் கொடுப்பார்கள். புள்ளியைக் கேட்டால் பேச்சையே நிறுத்திவிடுவார்கள்.

அடுத்த வாரமே வெளியூர்ப் படகுகள் நான்கு அவளுடைய புள்ளிகளில் பந்திக்கு உட்கார்ந்தது போல் உட்கார்ந்திருந்தன.

பதிவுகள் அழியக்கூடும் என்றால், சட்டப்படி ரிப்பேருக்கு வாங்கும் முன்பே கடைக்காரன் அதை எழுத்தில் தர வேண்டும். நீலிடம் கேட்டாள். பேப்பர் எதுவும் தரவில்லை, நண்பர்களுக்குள் எதற்கு என்று டாரல் சொல்லிவிட்டான் என்றான் நீல்.

திங்கள் மாலை, பப்பில், நாற்பது பேர் முன்னால் டாரலைத் திருடன் என்றாள்.

அவன் கோபப்படவில்லை. கிளாஸை வைத்தான். பக்கத்தில் நின்ற நீலை ஒரு தடவை பார்த்தான்.

"நாளைக்குக் கடைக்கு வா, ரோ. ஒரு பேப்பர் காட்டறேன்."

செவ்வாயன்று கடை திறக்கவில்லை.

புதன்கிழமையான இன்று, துறைமுகத்தில் சார்ஜென்ட் மாவிஸ் டன் காத்திருந்தாள். கூடவே நீல். ஒரு கையில் மனைவிக்குக் கம்பளி. மறு கை இடுப்பில். முதுகு வலி என்று இரண்டு நாளாகப் படகேறாதவன்.

"பப்புல அவனை என்ன சொன்னே, ரோ?" என்றாள் மாவிஸ்.

"திருடன்னு."

"அப்புறம்?"

"...கூண்டுக்கு இரையா வெட்டிப் போடுவேன்னு."

மாவிஸ் எழுதிக்கொண்டாள். "அவன் கிடந்த இடம் வேற யாருக்குத் தெரியும்?"

நீல் முந்திக்கொண்டான். "யாருக்கு வேணா தெரியும், மாவிஸ். பெட்டியில இருந்த புள்ளியெல்லாம்தான் ஊருக்கே வித்தாச்சே. என் பொண்டாட்டி மேல ஏன் சந்தேகப்படறீங்க?"

நீல் போர்த்திவிட்ட கம்பளியைத் தோளிலிருந்து மெல்ல எடுத்தாள் ரோவீனா.

"அந்த இடத்தை நான் பெட்டியில ஏத்தினதே இல்ல, நீல்."

நீலின் கை இடுப்பிலிருந்து நழுவியது.

"கலங்கரை விளக்கத்தையும் ஒத்தைப் பைன் மரத்தையும் நேர்கோட்டுல வெச்சுப் பாத்துப் போற இடம். ஒரே ஒருத்தர்கிட்டதான் சொல்லியிருக்கேன், மாவிஸ். கல்யாணத்தன்னிக்கு. இவர் எனக்கு மோதிரம் போட்டாரு, நான் இவருக்கு அதைக் குடுத்தேன்."

"சீசன் கடைசியிலதானே அங்க போவே..." என்றான் நீல்.

"வேற எங்க போவேன்? மிச்சமெல்லாம்தான் ஊருக்கே வித்தாச்சே. தலைக்குள்ள இருந்தது அது ஒண்ணுதான்."

மாவிஸ் ஒரு பிளாஸ்டிக் உறையை நீட்டினாள். டாரலின் கடை ஃபைலில் கிடைத்த கார்பன் பிரதி. பெட்டியிலுள்ள பதிவுகள் அழியலாம் என்ற எச்சரிக்கை. அதன் கீழே டாரலின் கையெழுத்தில் ஒரு வரி: பழைய புள்ளிகள் மெமரி கார்டில் நகலெடுத்துக் கொடுக்கப்பட்டன. பெற்றுக்கொண்டவர்...

நீல் பிட்காத்லி.

"உன் வாயால கேக்கணும்னுதான் காத்திருந்தேன்," என்றாள் மாவிஸ் நீலிடம்.

சூதாட்ட மெஷினில் விட்டதை அடைக்கப் புள்ளிகளை நாற்பதாயிரம் டாலருக்கு விற்றானாம் நீல். திங்கள் ராத்திரி, வாயை மூடச் சொல்லிக் கெஞ்சியும் டாரல் மசியவில்லையாம், மண்டையில் அடித்துவிட்டானாம். சின்னப் படகில் ஒற்றை ஆளாகப் பிணத்தை ஏற்றினால் முதுகு வலிக்காமல் என்ன செய்யும்?

விலங்கு பூட்டும்போது நீல் அழுதான்.

"ரோ... நம்ம ரெண்டு பேரும் இதைச் சரி பண்ணிடலாம்."

"பெரிய பழுது, நீல். சட்டப்படி ரிப்பேர் வேண்டாம்னு சொல்ல எனக்கு உரிமை உண்டு."

ஜீப் போனது. ரோவீனா பையிலிருந்து டாரலின் பில்லை எடுத்தாள். பூஜ்யத்துக்குக் கீழே பேனாவால் எழுதினாள்.

பாக்கி: மன்னிப்பு, ஒன்று. நாற்பது பேர் முன்னிலையில்.

பெற்றுக்கொள்பவர் என்ற இடம் காலியாகவே இருந்தது.